பட்டியலில் இல்லாதது

ஜூன் 10, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நூல் மில்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. டெலிவரி சலான் தவிர நான் எதுவும் எழுதிப் பழக்கமில்லை.

போன மாதக் கடைசியில் குடோனில் மேலடுக்கிலிருந்து ஒரு பேல் துணி சரிந்து வலது தோளில் விழுந்தது. எலும்பு தப்பியது. சதை கிழிந்திருக்கிறதாம். பத்து நாளைக்கு வலி மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை மாத்திரை என்று எழுதி வைக்க வேண்டும். “இது பழகிப்போனா விட முடியாத மாத்திரை. பத்து நாளுக்கு மேல வேண்டாம்” என்றார். சரி என்றேன்.

வலி 7. மாத்திரை 2.

ஜூன் 11, செவ்வாய்

வலி 7. மாத்திரை 2.

ஜூன் 14, வெள்ளி

வலி 6. மாத்திரை 2.

இன்று டாக்டர் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமா ஏதாவது தூக்குறீங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, டிரம்ஸ் வாசிக்கறனுங்க” என்றேன். கோயில் மேளமா என்றார். பங்க் என்றேன், கத்திப் பாடுகிற வெள்ளைக்காரப் பாட்டு. எனக்கு முப்பத்தொன்பது வயது, நெற்றியில் திருநீறு, காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் பனியன் வியாபாரம். அவர் என்னை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

நியாயம்தான். சைக்கிளில் மூட்டை வைத்து விற்று, சொந்தமாக பிரிண்டிங் யூனிட் போட்டு மேலே வந்தவன் நான். ஆறு வருடம் முன்பு ஷெரினும் மைதீனும் தங்கள் பாட்டுக் குழுவுக்குச் சட்டை அச்சடிக்க கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். அப்போது நான் காலை பத்து மணிக்கே குடிக்கிற ஆள். என்ன பாட்டு என்று கேட்டேன், போட்டுக் காட்டினார்கள். தையல் பவர் டேபிள் முழுக்க ஓவர்லாக் மெஷின் ஓடுகிற அதே சத்தம். இது எனக்கு வரும் என்று தோன்றியது. வந்தது.

அவர்கள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பங்க் என்றால் கண்டதையும் போட்டுக்கொண்டு புரள்வது என்று நினைத்திருந்தேன். அந்தப் பாட்டுக்காரர்களுக்குள்ளேயே ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று ஒரு கூட்டம் உண்டாம். குடிக்க வயசு வராத பசங்களைப் பாட்டுக் கேட்க உள்ளே விடும்போது அமெரிக்காவில் கையில் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு விடுவார்களாம், இவனுக்கு ஊற்றாதே என்று. அந்தக் குறியையே பெருமையாக எடுத்துக்கொண்டு, வயசான பிறகும் போட்டுக்கொண்டு, தெளிந்த தலையோடு கத்துகிறவர்கள். “முழிச்சுட்டுக் கோபப்படறதுதான் பங்க்” என்றாள் ஷெரின். அது எனக்குப் பிடித்தது. டிரம்ஸ் பழகினேன், குடியை விட்டேன். நாலு வருடம் முடிந்துவிட்டது.

குழுவின் பெயர் கட்பீஸ். நான் வைத்தது.

ஜூன் 16, ஞாயிறு

வலி 6. மாத்திரை 2.

யூனிட் மாடியில் பிராக்டிஸ். கீழே பின்பக்கம் எங்கள் வீடு. சுவர் முழுக்க வேஸ்ட் துணி மூட்டை அடுக்கியிருப்பதால் சத்தம் தெருவுக்குப் போகாது. நானும் ஷெரினும் மட்டும்தான். ஷெரின் பேஸ் கிடார் வாசித்துப் பாடுவாள். பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். கிடார் வாசிக்கிற மைதீன் போதை மறுவாழ்வு சென்டரில் இருக்கிறான்.

மே 12ஆம் தேதி கொச்சியில் வாசிக்கப் போன இடத்தில் கஞ்சா அடித்தான். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறும் முன் யாரும் தன் கையில் தானே குறி போட்டுக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் போட வேண்டும். போடும் முன் ஒரே ஒரு கேள்வி, “ஏதாவது இருக்கா?” இல்லை என்று சொன்னால்தான் மார்க்கர் மூடி திறக்கும். கொச்சியில் நான் கேட்டேன். “இருக்குங்ணா” என்று அவனே சொல்லி அழுதான். தவறியவனை விலக்க மாட்டோம், ஆனால் தொண்ணூறு நாள் மேடை கிடையாது. இது நான் எழுதிய விதி. தடைப் பொருள் பட்டியலும் நான் எழுதியதுதான், இன்வாய்ஸ் பின்பக்கத்தில் பதினோரு பொருள், மூன்று கையெழுத்து. வியாபாரத்தில் வாய்ப்பேச்சு நிற்காது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, மூடிக் கிடக்கிற ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் ஹாலில் எங்கள் கச்சேரி. அது மைதீனுக்குத் தொண்ணூற்றோராம் நாள். கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதி வைத்தேன். ஷெரினிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

வலி 5. மாத்திரை 2.

பத்து நாள் முடிந்தது. மாத்திரையை நிறுத்தி தோளுக்குப் பயிற்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். ஆடித் தள்ளுபடிக்கு வெளியூர்க் கடைக்காரர்கள் மொய்க்கிற நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் ரப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டு யார் நிற்பது? அதே சீட்டைக் காட்டி இன்னொரு பத்து நாளுக்கு வாங்கிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

வலி 4. மாத்திரை 3.

உடம்பு நன்றாக இருக்கிறது. கடையில் இன்று ஒரு ஆளிடம்கூடக் கோபம் வரவில்லை. டிரம்ஸில் கை பறக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

வலி 4. மாத்திரை 3.

மைதீன் வந்தான். ஏழு கிலோ குறைந்து, சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் இருந்தான். உக்கடத்தில் செல்போன் ரிப்பேர் கடையைத் திரும்பத் திறந்துவிட்டானாம்.

“நாப்பத்தொம்பது நாளுங்ணா” என்றான்.

“எண்ணறத நாங்க பாத்துக்கறோம். நீ கிடார எடு.”

“செக்கிங் போடலீங்களா?”

போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? செக்கிங் டேபிளில் பனியனைப் போட்டால் கழுத்து, கை, அடிவிளிம்பு என்று வரிசையாகப் பார்ப்போம். அதேபோல வாய், கண், விரல் நுனி, கிடார் பையின் உள்பாக்கெட் எல்லாம் பார்த்தேன். ஷெரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

“பாஸா?”

“பாஸ்.”

கிளம்பும்போது என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். “ஏண்ணா, மூக்கு அரிக்குதா?” என்றான். துணித்தூசி என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

வலி 3. மாத்திரை வழக்கம்போல.

ஜூலை 8, திங்கள்

மருந்துக்கடைக்காரன் சீட்டுப் பழசு என்று திருப்பிக் கொடுத்தான். எட்டு வருடமாக அவன் குடும்பத்துக்கு என் கடையிலிருந்துதான் பனியன் போகிறது. “புதுச் சீட்டு வாங்கிட்டு வாங்க, சென்னியப்பண்ணா, ரூல்ஸு” என்கிறான். கடைப் பலகையை ஒரு அடி அடித்துவிட்டு வந்தேன். திருப்பூரில் மருந்துக்கடைக்கா பஞ்சம்? வியாபாரி ஒரே இடத்தில் சரக்கு எடுப்பதில்லை.

கடைக்கு வந்து பட்டியலை எடுத்துப் படித்தேன். பீர், பிராந்தி, கள், சிகரெட், பீடி, ஹான்ஸ், கஞ்சா, பவுடர், ஊசி, இருமல் டானிக், பஞ்சர் ஒட்டும் பசை. பதினொன்று. வலி மாத்திரை இல்லை. டாக்டர் கொடுத்தது எப்படி வரும்? எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

வலி 3.

ஜூலை 14, ஞாயிறு

வலி 3.

பிராக்டிஸ். “ஒரே சைஸ் சட்டை தைக்கிற ஊரே, என் கழுத்தளவு உனக்குத் தெரியாது” என்று ஷெரின் கத்த ஆரம்பிக்கும் இடத்தில் நான் பெரிய டாம் டிரம்மை உருட்ட வேண்டும். உருட்டினேன். ஷெரின் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“அண்ணா, உங்க டிரம்முக்குள்ள என்னமோ சலசலங்குது.”

“ஸ்க்ரூ லூசா இருக்கும்.”

“ஸ்க்ரூ டங்குன்னுதானே கேக்கும்? இது பேப்பர் மாதிரி இருக்கு.”

“நீ பாட்டப் பாரு கண்ணு. டிரம்ம நான் பாத்துக்கறேன்.”

அவள் தண்ணீர் குடிக்கக் கீழே போனபோது அடித்தோலைக் கழற்றி, உள்ளே இருந்ததைப் பழைய பனியன் துணியால் இறுகச் சுற்றி வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. மைதீன் கிடாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. கடையில் நிற்க இடமில்லை.

கச்சேரிக்கு அடித்த நூறு சட்டையும் போச்சு. அச்சு காய்கிற சூடு போதவில்லை. ஒரு தண்ணீரில் மை கழன்று வருகிறது. ஆபரேட்டரைப் பிடித்துக் கத்தினேன். கோகிலவாணி நடுவில் வந்து நின்றாள். என் மனைவி, செக்கிங் டேபிள் முழுக்க அவள் பொறுப்பு.

“ஏனுங்க, அவனை எதுக்குத் திட்டறீங்க? ஹீட்டு வெச்சது நீங்கதானுங்க.”

“நானா?”

“நேத்து மத்தியானம் நீங்களே வந்து திருப்பி வெச்சீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

எனக்கு ஞாபகமில்லை. வேலை மும்முரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எல்லோர் முன்னாலும் அவளையும் கத்திவிட்டேன். பதினாறு வருடத்தில் குடித்த நாட்களில் தவிர அப்படிக் கத்தியதில்லை. அவள் தன் டேபிளுக்குப் போய் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஓட்டை பீஸ்களில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை. சில நாளாகவே இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிராக்டிஸ் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மைதீன் உட்காரும் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஷெரின் ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்தாள். திருப்பிப் பெயரைப் படித்தாள். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அது என்ன மாத்திரை என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

“இது என்ன மைதீன்?”

அவன் வாங்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, ஒரு பாட்டின் நாலு தட்டு நேரம் இருக்கும்.

“என்னோடது இல்ல” என்றான்.

“பின்ன இது நடந்து வந்துச்சா?”

“என்னோடது இல்லக்கா.”

“எழுபது நாளுடா. எழுபது நாள் இருந்துட்டு! இதுக்கு அந்தக் கஞ்சாவே தேவலாம், வேஷமாவது இல்லாம இருந்துச்சு.” அட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். “இன்னிலேர்ந்து மறுபடி ஒண்ணு. ஆகஸ்ட் பதினொண்ணு நீ மேடையில இல்ல. நானும் அண்ணாவும் மட்டும் வாசிக்கறோம். என்னண்ணா, விதி அதுதானே?”

அவள் என்னிடம் கேட்டது விதி அதுதானா என்று. விதி அதுதான். ஆமாம் என்றேன்.

மைதீன் கிடாரைப் பையில் வைத்தான். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு போனான்.

ஜூலை 22, திங்கள்

அந்த அட்டை யாருடையது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. கச்சேரிக்கு ஹால் என் பெயரில், சட்டை என்னுடையது, ஏற்பாடு முழுக்க என்னுடையது. அறுபது எழுபது பசங்கள் வருவார்கள். நான் இப்போது எதையாவது சொல்லி எல்லாம் நின்றுபோனால் யாருக்கு என்ன லாபம்? முடிந்த பிறகு ஷெரினிடம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 25, வியாழன்

நேற்று முழுக்க ஒன்றும் போடவில்லை. போடாமலும் இருக்க முடிகிறது என்று பார்க்கத்தான்.

காலையில் மூக்கு ஒழுகல், வேர்வை, கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, வயிற்றுப்போக்கு. ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல்.

மதியம் சரியாகிவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு பேர் பிராக்டிஸ். கிடார் இல்லாமல் பாட்டு எலும்பாக நிற்கிறது. இடைவேளையில் ஷெரின் தரையில் உட்கார்ந்து, “அவன் கடைய தெறக்கறதில்லையாம். அவங்கம்மா போன் பண்ணி அழுதாங்க. நான் தப்புப் பண்ணிட்டனாண்ணா?” என்றாள்.

விதிப்படி செய்தாய் என்றேன்.

“நீங்க இருக்கறதாலதான் இது நிக்குது” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பாட்டில் எண்ணிக்கை தவறிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கோயம்புத்தூரில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் உக்கடம். வழி இல்லை, சுற்றுதான்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். மைதீன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

“வாங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா? நீங்கதான் இப்ப டீ குடிச்சாலும் வாந்தி வருமே.”

அதற்கு மேல் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“வந்த அன்னிக்கே. மூக்கச் சொறியறீங்க. கண்ணு ஊசிமுனையாட்டம் இருக்கு. சென்டர்ல எம்பக்கத்துக் கட்டில்ல இருந்தவரு அச்சு அசல் நீங்கதான். அவரும் யாவாரிதான். அவரும் எல்லாத்தயும் செக்கிங் போடுவாரு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லடா?”

“யார்ட்டங்ணா? ஷெரினக்காகிட்டயா? மே மாசம் கஞ்சா அடிச்சவன் நானு. நாலு வருசம் சுத்தமா இருக்கறவரு நீங்க. எம்பேச்சு அம்பலம் ஏறுங்களா?”

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரை விரல்களுக்கு நடுவில் உருட்டினான்.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டு பின்னால ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். அங்க ஒருத்தன் நிப்பான். வாங்கல. எனக்கே எதுக்கு வாங்காம இருக்கேன்னு புரியல. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிப்போச்சு. மூணாந்தடவ போனா வாங்கிருவேன்.”

“போகாதடா.”

“அதச் சொல்லவா வந்தீங்க?”

“சொல்லீடறேன். ஞாயித்துக்கிழம ஷெரின்கிட்டச் சொல்லீடறேன்.”

“எந்த ஞாயிறு?”

“வர்ற ஞாயிறு.”

அவன் தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்து வேலை பார்க்க ஆரம்பித்தான். கிளம்பும்போது ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லவில்லை. ஷெரினுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மைதீனுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் கடைக்குப் போகும் முன் மாடிக்குப் போய் டாமின் அடித்தோலைக் கழற்றினேன். துணிச்சுருள் அப்படியே இருந்தது. பிரித்தேன்.

எல்லா அட்டையிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காலி அட்டை, பாதி அட்டை எல்லாவற்றிலும். அவசரமில்லாமல், கோணாமல், ஒவ்வொரு அம்பும் காலியான குழியைக் காட்டுகிற மாதிரி. திருப்பூரில் அவ்வளவு நேராக ஸ்டிக்கர் ஒட்டுகிற கை ஒன்றுதான்.

கீழே போனேன். கோகிலவாணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“எப்பப் பாத்தே?”

“நீங்க என்னையத் திட்டுன அன்னிக்கு. அம்பு நேத்து ராத்திரிதான் ஒட்டுனேன்.” திரும்பவில்லை. “குடிச்சப்ப நாத்தம் வரும், தெரிஞ்சுக்குவேன். இதுல நாத்தமே இல்ல. அதான் தேட வேண்டியதாப் போச்சு.”

“ஏன் கேக்கல?”

“நான் செக்கர். குத்தம் எங்க இருக்குன்னு அம்பு ஒட்டறதுதான் எம்வேல. பாஸா ரிஜக்டான்னு சொல்லறது மொதலாளி வேலைங்க.” தோசையை எடுத்துத் தட்டில் போட்டு என் முன் வைத்தாள். “அந்த உக்கடத்துப் பையன் இங்க எத்தன வாட்டி சாப்புட்டிருக்கான்னு நெனச்சுப் பாருங்க. தின்னுங்க, ஆறிரும்.”

தின்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போனில் சொல்கிற விஷயம் இல்லை இது.

ஆகஸ்ட் 10, சனி

மைதீனின் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். “இருக்கான் தம்பி, படுத்தே கெடக்கான்” என்றார்கள். வெளியே போனானா என்று கேட்டேன். “நேத்து ஒருவாட்டி போயிட்டு உடனே வந்துட்டான்” என்றார்கள். மூன்றாம் தடவை. வாங்கினானா என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது?

“நாளைக்கு மூணு மணிக்கு கிடாரோட வரச் சொல்லுங்கம்மா. சென்னியப்பன் சொன்னேன்னு சொல்லுங்க. அவன் வந்தாத்தான் கச்சேரின்னு சொல்லுங்க.”

இன்று காலையிலிருந்து ஒன்று மட்டும் போட்டேன். இதை எழுதும்போது பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டரை மணி. செக்கிங் ஹாலில் டியூப்லைட் எல்லாம் எரிந்தது. செக்கிங் டேபிள்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் நின்றார்கள் பசங்கள், எழுபதுக்கு மேல் இருக்கும். காலேஜ் பிள்ளைகள், டெய்லர்கள், ஒரிசாவிலிருந்து வந்து தைக்கிற நாலு பேர். வாசலில் ஒருவர் கையில் ஒருவர் குறி போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஷட்டர் ஓரமாகக் கோகிலவாணி, காதில் பஞ்சு.

பின்னறையில் ஷெரின் மார்க்கரோடு வந்தாள். என் கையைப் பிடித்தாள். என் கை ஈரமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“என்னண்ணா, ஆறு வருசமாச்சு, இன்னும் மேடை பயமா?” சிரித்தாள். “சரி. ஏதாவது இருக்கா?”

இருநூறு தடவையாவது கேட்ட கேள்வி. பட்டியலில் இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பொய்யும் இல்லை அது.

“இருக்கு” என்றேன்.

அவள் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“என்ன இருக்கு?”

“அந்த அட்டை என்னோடது. ரெண்டு மாசமா. டிரம்முக்குள்ள சலசலன்னதும் அதுதான்.”

“மைதீன்…”

“அவனுக்குத் தெரியும். சொல்லல.”

மார்க்கரை என் நெஞ்சில் விட்டெறிந்தாள். அது தரையில் உருண்டு போனது.

“மூணு வாரம்! மூணு வாரம் நான் அவன் போனக்கூட எடுக்கல. ‘விதி அதுதானே’ன்னு ஒங்களக் கேட்டேன். ஆமான்னீங்க. அந்த வாயால ஆமான்னீங்களே?”

நான் டிரம் குச்சிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தேன்.

“கச்சேரிய நிறுத்தணும்” என்றாள். பிறகு, “நிறுத்த மாட்டேன். நிறுத்துனா நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க. வாசிங்க. வெறுங்கையோட வாசிங்க. ‘கை காட்டு’ன்னு கத்துவாங்கல்ல, அப்ப காட்டுங்க.”

இரண்டாவது பாட்டு முடிந்ததும் கூட்டம் “கை காட்டு” என்று கத்தும், ஹாலில் எல்லாக் கைகளும் மேலே போகும். எங்கள் கச்சேரியில் அது சாமி கும்பிடுகிற மாதிரி.

மூன்று மணி ஆனது. மைதீன் வரவில்லை. மூன்று ஐந்துக்கு ஷட்டருக்குக் கீழே குனிந்து அவன் உள்ளே வந்தான், கிடார் பை ஜிப் இன்னும் பாதியில் நின்றபடி. ஷெரின் தரையில் தேடி மார்க்கரை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். “ஏதாவது இருக்கா?” என்றுதான் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். என் வெறுங்கையைப் பார்த்தான்.

“இல்லக்கா. முந்தாநேத்து போனேன். காசு எடுத்துக் குடுத்துட்டு, அந்தக் காசயே திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். அவன் கெட்ட வார்த்தைல திட்டுனான்.”

அவள் இரண்டு கையிலும் குறி போட்டாள். கோடு இரண்டு தடவை கோணியது.

வாசித்தோம். தோள் கிழிவது ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. பாட்டு எல்லாம் பாதி வேகத்தில் போனது. முன்வரிசையில் ஒருவன், “டிரம்மரண்ணா, டீ குடிச்சுட்டு வாங்க!” என்றான். சிரித்தார்கள். இரண்டாவது பாட்டு முடிந்தது. “கை காட்டு! கை காட்டு!”

எழுபது ஜோடிக் கைகள் மேலே போயின. குச்சியைக் கீழே வைத்துவிட்டு நானும் தூக்கினேன். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கினேன்.

முதலில் முன்வரிசை பார்த்தது. சத்தம் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. டியூப்லைட் இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து யாரோ, “அண்ணனுக்குப் போட மறந்துட்டாங்க” என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஷெரின் மைக்கை விட்டுத் தள்ளி நின்றாள். மறக்கவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டிரம்ஸுக்கு மைக் கிடையாது. கத்திச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் கை மேலே இருந்தது என்று தெரியாது. மைதீன்தான் அடுத்த பாட்டின் முதல் கம்பியை இழுத்தான். நான் கையை இறக்கி எண்ண ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வலி 9.

கோகிலவாணி வேறு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அட்டை எல்லாம் இனி அவள் கையில். தினம் எத்தனை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். இந்த டைரியை நீட்டினேன். புரட்டிவிட்டு, “ஜூலை அஞ்சுலேர்ந்து மாத்திரை நம்பரே இல்லையே?” என்றார். விட்ட இடத்தை இப்போது எழுதுகிறேன்.

ஜூலை முதல் வாரம் 4. இரண்டாம் வாரம் 5. மூன்றாம் வாரம் 6. 24ஆம் தேதி 0. 25ஆம் தேதி மதியத்துக்கு மேல் 4. ஆகஸ்ட் ஆரம்பத்தில் 8. 10ஆம் தேதி 1.

இன்று 6. டாக்டர் கணக்கு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வலி 7. மாத்திரை 5.

பிராக்டிஸுக்குப் போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். கோகிலவாணி செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

ஷெரின் என்னை இன்னும் அண்ணா என்று கூப்பிடவில்லை. “டிரம்ஸ்” என்கிறாள். “டிரம்ஸ், இங்க கொஞ்சம் மெதுவா.” மெதுவாகத்தான் வருகிறது.

பட்டியலை எடுத்துப் போயிருந்தேன். பன்னிரண்டாவதாக மாத்திரை என்று சேர்க்கப் பேனாவைத் திறந்தேன். அடுத்த தடவை பன்னிரண்டில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கிற ஆள் நான்தான் என்று எனக்கே தெரிந்தது. பதினொன்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: “ஒளித்து வைத்துப் போடுகிற எதுவும்.” கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

ஷெரின் படித்தாள். “ஸ்டாஃப் ரூம்ல நான் பீரோவுக்குள்ள முறுக்கு ஒளிச்சு வெச்சுத் திங்கறேன். அதுவும் வருமா?”

“வரும்” என்றான் மைதீன். “எனக்குப் பாதி குடுத்தா வராது.”

அவள் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்க்காமல்தான்.

கிளம்பும் முன் மைதீன் மார்க்கரோடு என் முன்னால் வந்து நின்றான். இன்று கச்சேரி இல்லை, தேவையில்லை. இருந்தாலும் கேட்டான்.

“ஏதாவது இருக்குங்களா?”

“இருக்கு. அஞ்சு.”

மூடியைக் கழற்றவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

“அடுத்த வாரம் கேக்கறேன்.”

கேட்கட்டும்.